வீட்டிலேயே உள்நோயாளி சிகிச்சை: நோயாளித் தேர்வு முதல் டிஸ்சார்ஜ் வரை முழுமையான வழிகாட்டி

நிமோனியாவுக்கு நரம்பு வழி ஆன்டிபயாட்டிக், இதயச் செயலிழப்பில் உடம்பில் சேர்ந்த நீரை இறக்க ஃப்யூரோசமைடு ஊசி, நாள்தோறும் ரத்தப் பரிசோதனை, நள்ளிரவில் கூப்பிட்டாலும் பேசும் டாக்டர். இவ்வளவையும் வார்டில் படுக்க வைக்காமல் நோயாளியின் வீட்டிலேயே கொடுக்க முடியும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1994 முதல் இதைச் செய்துவருகிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 1990களில் தொடங்கியது. 2020 நவம்பரில், கோவிட் நெருக்கடியின்போது, அந்நாட்டு அரசுக் காப்பீட்டு அமைப்பான சி.எம்.எஸ். இதற்குத் தனி அனுமதி வழங்கியது. சிங்கப்பூர் 2022இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 2024 ஏப்ரலில் பொது மருத்துவமனைகளின் வழக்கமான சேவையாக்கியது.

பாஸ்டனில் 91 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களுக்குச் செலவு 38% குறைந்தது. 30 நாளுக்குள் மீண்டும் அட்மிட் ஆனவர்கள் வீட்டுக் குழுவில் 7%, வார்டுக் குழுவில் 23%. வார்டில் இருந்தவர்கள் நாளில் பாதிக்கு மேல் படுத்தே கிடந்தார்கள், வீட்டில் இருந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள். முதியவர்களுக்கு இது பெரிய விஷயம். ஒரு வாரம் படுக்கையில் கிடந்த எழுபத்தைந்து வயதுக்காரருக்கு நிமோனியா குணமானாலும் கால் பலம் அத்தனை எளிதாகத் திரும்பாது.

இந்த வழிகாட்டி, இப்படி ஒரு சேவையைத் தொடங்க நினைக்கும் நடுத்தர மருத்துவமனைகளின் டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் எழுதப்பட்டது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கருவிகளை வாங்குவது எளிது. யாரை வீட்டுக்கு அனுப்புவது, நிலைமை மோசமானால் எவ்வளவு நேரத்தில் திரும்பக் கொண்டுவருவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் இல்லாத குழு, முதல் நோயாளியை எடுக்கக் கூடாது.

வீட்டில் நர்ஸ் வைத்துப் பார்ப்பதும், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் போல நீரிழிவு, ரத்த அழுத்தத்துக்கு வீடு தேடி மருந்து தருவதும் வேறு சேவைகள். இங்கே பேசுவது, இன்றைக்கு வார்டில் அட்மிட் ஆகியிருக்க வேண்டிய நோயாளியைப் பற்றி. கேஸ் ஷீட், மருந்து ஆணை, டியூட்டி டாக்டர், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் இதற்கும் உண்டு.

படி 1: முப்பது நிமிட வட்டத்தைப் போடுங்கள்

சி.எம்.எஸ். விதிகள் நல்ல அளவுகோல். நாளுக்கு ஒருமுறை டாக்டர் மதிப்பீடு, நேரிலோ காணொளியிலோ. நாளுக்கு இரண்டு முறை செவிலியரோ பயிற்சி பெற்ற பாராமெடிக்கோ நேரில் வர வேண்டும். எந்த நேரமும் உடனே குரல் தொடர்பு கிடைக்க வேண்டும். நோயாளி மோசமானால் 30 நிமிடத்துக்குள் உதவி வந்து சேர வேண்டும். நோயாளி அவசரப் பிரிவிலிருந்தோ வார்டிலிருந்தோதான் வர வேண்டும், புறநோயாளிப் பிரிவிலிருந்து நேராக அல்ல.

இதில் குழுக்கள் ஏமாறுவது 30 நிமிடத்தில்தான். வரைபடத்தில் 10 கிலோமீட்டர் வட்டம் போட்டுவிட்டுத் திருப்தி அடைந்துவிடுவார்கள். மாலை 7 மணிக்கும் இரவு 2 மணிக்கும் உங்கள் ஆம்புலன்ஸை உண்மையில் ஓட்டிப் பாருங்கள். ரயில்வே கேட், மழையில் தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதை, திருவிழாக் காலத்தில் அடைக்கப்படும் தேர் வீதி, ஸ்ட்ரெச்சர் நுழையாத லிஃப்ட் எல்லாம் நேரத்தைத் தின்னும். சாலையில் ஆகும் நேரத்தோடு வாசலிலிருந்து படுக்கை வரை ஏறும் நேரத்தையும் கூட்டுங்கள். இரவில் 108ஐ மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். அது எல்லோருக்குமான சேவை, அந்த நேரத்தில் வேறு விபத்துக்குப் போயிருக்கலாம். உங்கள் வண்டி முதல் வழி, 108 இரண்டாவது வழி.

ஆள் கணக்கையும் போடுங்கள். ஒரு விசிட் 45 முதல் 60 நிமிடம், பயணம் அரை மணி. எட்டு மணி நேர ஷிஃப்டில் ஒரு செவிலியர் ஐந்து விசிட் பார்க்கலாம். ஐந்து நோயாளிகள் என்றால் நாளுக்குப் பத்து விசிட், பகலில் இரண்டு செவிலியர், இரவு அழைப்புக்கு இன்னொருவர். ஐந்து பேரோடு தொடங்கி, அது பழகிய பிறகே கூட்டுங்கள்.

படி 2: யாரை எடுப்பது

தொடக்கத்தில் நான்கு நோய்கள் போதும்: நிமோனியா, செல்லுலைட்டிஸ் (தோலிலும் அதன் அடியிலும் பரவும் தொற்று), இதயச் செயலிழப்பு முற்றுதல், சி.ஓ.பி.டி. (நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) முற்றுதல். கை பழகியதும் சிக்கலான சிறுநீரகத் தொற்றைச் சேர்க்கலாம். நம்மூரில் சிறுநீர்க் கல்ச்சரில் இ.எஸ்.பி.எல். கிருமி (பல ஆன்டிபயாட்டிக்குகளைச் சிதைக்கும் நொதி கொண்டது) அடிக்கடி வரும். அதற்கு மாத்திரை வேலை செய்யாதபோது எர்ட்டாபெனம் 1 கிராம் நாளுக்கு ஒருவேளை போதும், வீட்டுக்கு ஏற்ற மருந்து.

நிமோனியாவில், நோயின் தீவிரத்தை அளக்கும் கர்ப்-65 மதிப்பெண் பாருங்கள்: குழப்பம், யூரியா உயர்வு, மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது மேல், மேல் அழுத்தம் 90க்குக் கீழ் அல்லது கீழ் அழுத்தம் 60 அல்லது கீழ், வயது 65 அல்லது மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். 2 வந்தவர்கள்தான் இந்தச் சேவைக்கு மிகப் பொருத்தம். 0, 1 வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும். 3 அல்லது மேல் என்றால் வார்டு. இதில் ஒரு கண்ணி உண்டு. நம் ஆய்வகங்கள் 'ப்ளட் யூரியா' என்று தருகின்றன, வெளிநாட்டுக் கணக்கிகள் பல 'யூரியா நைட்ரஜன்' கேட்கின்றன. ப்ளட் யூரியாவின் எல்லை சுமார் 42 மி.கி./டெ.லி., யூரியா நைட்ரஜனின் எல்லை சுமார் 20. மாற்றிப் போட்டால் நலமாக இருப்பவருக்கும் ஒரு மதிப்பெண் கூடிவிடும்.

எடுக்கக் கூடாதவர்கள்: ஐ.சி.யு. தேவைப்படுபவர், ரத்த அழுத்தம் நிலைக்காதவர், ரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாததைக் காட்டும் அளவு) உயர்ந்தவர், 4 லிட்டர் ஆக்சிஜனிலும் இலக்கு அளவு எட்டாதவர், நெஞ்சுவலியோடு ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் புரதம்) ஏறியவர், புதிதாக இதயத்துடிப்பு தடம் மாறியவர், ரத்த வாந்தியோ கருப்பு மலமோ உள்ளவர். டெங்குவில் கூடுதல் கவனம் வேண்டும். காய்ச்சல் இறங்கும் நாள்களில்தான் ஆபத்து தொடங்குகிறது. அபாய அறிகுறிகளான விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ரத்தக்கசிவு, தட்டணுக்கள் விழும்போதே ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வார்டு. மணிக்கொருமுறை பார்க்க வேண்டிய நோயை நாளுக்கு இரண்டு விசிட்டில் பார்க்க முடியாது.

படி 3: வீட்டைப் பாருங்கள்

நோயாளி அவசரப் பிரிவில் இருக்கும்போதே ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் காணொளியில் சுற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். கழிப்பறை எத்தனை அடி தூரம்? இந்தியன் டாய்லெட் என்றால் மேலே வைக்கும் நாற்காலி தேவை, அதுவும் ஃப்யூரோசமைடு போடப்போகும் நோயாளிக்குக் கட்டாயம். படுக்கையருகே செல்போன் சிக்னல் எப்படி? ஃப்ரிட்ஜ் உண்டா? இரவில் கூடவே இருப்பவர் யார்?

கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில் வாங்குவது கடினம். 'நாங்க பாத்துக்கிறோம்' என்று எல்லோரும் சொல்வார்கள். மகன் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார், மருமகளுக்குக் கைக்குழந்தை, கடைசியில் எழுபது வயது மனைவிதான் அட்டெண்டர். அதனால் பொதுவாகக் கேட்காமல் மணிவாரியாகக் கேளுங்கள்: 'காலை பத்து மணிக்கு வீட்டில் யார்? இரவு இரண்டு மணிக்கு அப்பா எழுப்பினால் யார் எழுவீர்கள்?' குடும்பத்தார் மருந்து கலக்க வேண்டும், ஊசி போட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது. ஃபோன் எடுப்பது, கதவு திறப்பது, கழிப்பறைக்குக் கைபிடிப்பது போன்றவைதான் அவர்கள் வேலை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சம்மதம் வாங்கும்போது, எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் வார்டுக்குத் திரும்பலாம் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

படி 4: ஆக்சிஜனும் மின்சாரமும்

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர் சுமார் 300 முதல் 350 வாட் இழுக்கும். வீடுகளில் வழக்கமாக இருக்கும் 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி இன்வெர்ட்டரில், இழப்புகளைக் கழித்தால், மூன்று மணி நேரம் ஓடும். மின்விசிறியும் விளக்கும் சேர்ந்தால் அதற்கும் குறைவு. பழைய பேட்டரி ஒரு மணி நேரத்திலேயே கைவிடும். ஆகவே கான்சென்ட்ரேட்டர் வைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பி டைப் சிலிண்டர் கட்டாயம். அதில் சுமார் 1500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம், 4 லிட்டர் என்றால் ஆறு மணி நேரம். ரெகுலேட்டரை முதல் நாளே மாட்டித் திறந்து காட்டுங்கள். கரண்ட் போன இருட்டில் ஸ்பேனர் தேடும் நிலை வரக் கூடாது.

கேஸ் அடுப்பு, பூஜை விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, பீடி, சிகரெட் எல்லாமே ஆக்சிஜனிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பூஜை அறையை ஒட்டிய படுக்கை என்றால் படுக்கையை மாற்றுங்கள். மூக்கு காய்கிறது என்று தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவக் கூடாது.

இலக்கு: பொதுவாக 94 முதல் 98%, கார்பன் டை ஆக்ஸைடு தேங்கும் சி.ஓ.பி.டி. நோயாளிக்கு 88 முதல் 92%. பின்னவர் வீட்டில், 'ஏன் 90 தான் காட்டுது' என்று யாராவது குமிழைத் திருகி 5க்கு ஏற்றிவிடுவார்கள். நோயாளி மெல்ல மயக்கத்துக்குப் போவார். இலக்கு எண்ணையும் 'குமிழைத் தொடாதீர்கள், அழையுங்கள்' என்பதையும் பெரிய எழுத்தில் கான்சென்ட்ரேட்டர் மேலேயே ஒட்டுங்கள். இவர்களுக்கு நெபுலைசரையும் ஆக்சிஜனில் ஓட்டாமல் காற்றில் ஓட்டுவது நல்லது.

பல்ஸ் ஆக்ஸிமீட்டரை முழுதாக நம்பாதீர்கள். கருமையான தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதை 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு தெளிவாக்கியது. நம் நோயாளிகளில் 92 என்று காட்டும்போது, மூச்சு எண்ணிக்கையும் முகமும் வேறு சொன்னால், முகத்தை நம்புங்கள். நகப்பூச்சு, குளிர்ந்த விரல், அடர்ந்த மருதாணி இருந்தால் வேறு விரலிலோ காது மடலிலோ பாருங்கள்.

படி 5: கேனுலாவும் மருந்தும்

கேனுலாவை (மருந்து செலுத்த நரம்பில் விட்டுவைக்கும் சிறு குழாய்) முன்கையில் போடுங்கள், 20 அல்லது 22 கேஜ். புறங்கையில் போட்டால் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் இளகும், முழங்கை மடிப்பில் போட்டால் மடக்கும்போது அடைக்கும். மருந்துக்கு முன்னும் பின்னும் 5 முதல் 10 மி.லி. சலைன் ஃப்ளஷ். வலியும் சிவப்பும் சேர்ந்து தெரிந்தால் கழற்றுங்கள், 'இன்னும் ஒரு டோஸ் போகட்டும்' என்று விடாதீர்கள். ஆறு நாளுக்கு மேல் சிகிச்சை போகும் என்று முன்பே தெரிந்தால் மிட்லைன் (மேல்கை நரம்பில் போடும், கூடுதல் நாள் தாங்கும் நீண்ட குழாய்) போட்டு அனுப்புவது நோயாளிக்குக் கருணை.

மருந்துத் தேர்வில் நாளுக்கு ஒருவேளை மருந்துதான் அரசன். செஃப்ட்ரியாக்சோன் 1 முதல் 2 கிராம் ஒருவேளை. 1 கிராமை 10 மி.லி.யில் கரைத்து 2 முதல் 4 நிமிடத்தில் நரம்பில் மெல்லச் செலுத்தலாம், ட்ரிப் ஸ்டாண்டே தேவையில்லை. ரிங்கர் லாக்டேட் போகும் குழாயில் மட்டும் போடாதீர்கள், கால்சியத்தோடு சேர்ந்து படியும். எர்ட்டாபெனத்தை டெக்ஸ்ட்ரோஸில் கலக்கக் கூடாது, சலைனில் கலந்து 30 நிமிடம். செல்லுலைட்டிஸுக்கு ஆஸ்திரேலியக் குழுக்கள் செஃபசோலின் 2 கிராம் ஊசியோடு புரோபெனெசிட் 1 கிராம் மாத்திரையை நாளுக்கு ஒருமுறை தருகின்றன.

பிப்பராசிலின்-டாசோபாக்டம் ஆறு அல்லது எட்டு மணிக்கொருமுறை என்பதால் வீட்டுக்கு ஒத்துவராது. எலாஸ்டோமெரிக் பம்ப் (மின்சாரமின்றி, பலூன் சுருங்கும் அழுத்தத்தில் மருந்தைச் செலுத்தும் கருவி) வைத்து 24 மணி நேரம் ஓட்டும் வழி வெளிநாடுகளில் உண்டு. ஆனால் அந்தப் பம்பின் வேகம் வெப்பத்தோடு மாறும், கரைந்த மருந்தும் வெப்பத்தில் வீரியம் இழக்கும். மே மாதத்து மதுரையில், ஏசி இல்லாத அறையில் அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மெரோபெனம் கரைசலில் சில மணி நேரமே தாங்கும், 24 மணி நேரப் பம்புக்கு அது ஆகவே ஆகாது.

எந்தப் புது ஊசி மருந்தின் முதல் டோஸும் மருத்துவமனையில்தான். வீட்டிலும் ஒவ்வொரு செவிலியரின் பையிலும் அட்ரினலின் இருக்க வேண்டும். ஒவ்வாமை அதிர்ச்சி என்றால் 1 மி.லி.க்கு 1 மி.கி. உள்ள ஆம்பூலிலிருந்து 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். தேறாவிட்டால் 5 நிமிடத்தில் மீண்டும். டாக்டரை ஃபோனில் பிடித்த பிறகு போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. நிலையான ஆணையை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

படி 6: நோய்வாரியாக நாள்கள் எப்படிப் போகும்

இதயச் செயலிழப்பில் காலை சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், அதே எடைமெஷினில், கடினமான தரையில் எடை. மெத்தையிலோ பாயிலோ வைத்தால் எண் பொய் சொல்லும். ஃப்யூரோசமைடு ஊசி, ஏற்கெனவே குடிக்கும் நாள் அளவின் 1 முதல் 2 மடங்கு. புதியவருக்கு 20 முதல் 40 மி.கி. வேகம் நிமிடத்துக்கு 4 மி.கி.யைத் தாண்டக் கூடாது, காதைப் பாதிக்கும். போட்டபின் செவிலியர் உடனே கிளம்பாமல், முதல் ஆறு மணி நேரச் சிறுநீர் அளவைக் குடும்பத்தார் எழுத அளவு போட்ட குவளை கொடுக்க வேண்டும். மணிக்கு 100 மி.லி.க்குக் கீழ் என்றால் அன்றைக்கே டோஸை உயர்த்துங்கள், மறுநாள் ரவுண்டுக்குத் தள்ளாதீர்கள். சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் தினமும். சாப்பாட்டில் ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் நின்றாலே மருந்து வேலை செய்வது தெரியும்.

ரத்தத்தை எடுத்து ஐஸ் பெட்டியில் நேராகப் போட்டால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். வெயிலில் வண்டிப் பெட்டியில் இரண்டு மணி நேரம் கிடந்தாலும் சரியான எண் வராது. அறை வெப்பத்தில், விரைவாக ஆய்வகத்தில் சேருங்கள். ரத்தக் கல்ச்சர் பாட்டிலையும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.

செல்லுலைட்டிஸில் சிவப்பின் எல்லையைப் பேனாவால் வரைந்து தேதியும் நேரமும் எழுதுங்கள். சரியான மருந்து போனாலும் முதல் 24 முதல் 48 மணி நேரம் சிவப்பு கோட்டைத் தாண்டலாம், அதற்காக மருந்தை மாற்ற வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது வேறு: பார்த்த தோலுக்குப் பொருந்தாத கடும் வலி, கருநீலக் கொப்புளம், அழுத்தினால் நறநற உணர்வு. இவற்றில் ஒன்று வந்தால் அது தசையைத் தின்னும் தொற்றாக இருக்கலாம், சில மணி நேரத்துக்குள் அறுவைக் கூடத்துக்குப் போக வேண்டும். காலை உயர்த்தி வைப்பது மருந்தளவு முக்கியம்.

சி.ஓ.பி.டி.யில் பிரெட்னிசோலோன் 40 மி.கி., ஐந்து நாள், அதோடு நிறுத்தம். நீரிழிவு உள்ளவருக்கு அந்த ஐந்து நாளும் மதிய, மாலைச் சர்க்கரை ஏறும். வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்க்கும் குழு இதைத் தவறவிடும்.

எல்லோருக்கும் ஒவ்வொரு விசிட்டிலும் நியூஸ்-2 மதிப்பெண் (மூச்சு, ஆக்சிஜன், அழுத்தம், நாடி, நினைவு, வெப்பம் ஆகியவற்றைக் கூட்டி, நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் கணக்கு). மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள், 18 என்று பழக்கத்தில் எழுதாதீர்கள். கார்பன் டை ஆக்ஸைடு தேங்குபவருக்கு ஆக்சிஜனுக்கான இரண்டாவது அட்டவணையைப் பயன்படுத்துங்கள்.

படி 7: மோசமானால்

நியூஸ்-2 மதிப்பெண் 5 அல்லது 6 வந்தாலோ, ஏதேனும் ஒரு அளவில் 3 வந்தாலோ டாக்டர் உடனே காணொளியில். 7 அல்லது மேல் என்றால் வண்டி கிளம்ப வேண்டும், பேச்சு வண்டி ஓடும்போது நடக்கட்டும். குடும்பத்துக்குத் தமிழில் ஓர் அட்டை கொடுங்கள். 'மூச்சு முட்டுதா, பேச்சு குழறுதா, எழுப்பினால் எழலையா, நெஞ்சு வலிக்குதா, ரத்தம் வருதா?' என்று அவர்கள் பேசும் சொற்களிலேயே. எண்ணை அழைத்தால் ரெக்கார்டிங் பேசக் கூடாது, மனிதர் எடுக்க வேண்டும்.

முதியவர் திடீரென்று அமைதியாகிவிட்டால் 'நல்லா தூங்குறார்' என்று குடும்பம் நினைக்கும். குழப்பம் கூச்சலாக வருவதைவிட இப்படி அடங்கி வருவது அதிகம் தவறவிடப்படுகிறது. இன்று என்ன நாள், பேரன் பெயர் என்ன என்று செவிலியர் ஒவ்வொரு விசிட்டிலும் அவரைக் கேட்கட்டும்.

ஒவ்வொரு நோயாளிக்கும் வார்டில் படுக்கை ஒதுக்கியிருக்கிறதா என்பதையும் முன்பே உறுதி செய்யுங்கள். திரும்பி வரும் நோயாளி மறுபடி அவசரப் பிரிவு வரிசையில் காத்திருந்தால், அடுத்த முறை குடும்பம் தாமதமாகத்தான் அழைக்கும்.

படி 8: கழிவு, பணம், டிஸ்சார்ஜ்

ஊசிகளைத் துளைபடாத வெள்ளைப் பெட்டியில், மற்றவற்றை 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் சொல்லும் நிறப் பைகளிலும் பெட்டிகளிலும் செவிலியரே எடுத்து வர வேண்டும். ஓர் ஊசிகூட வீட்டுக் குப்பையில் விழக் கூடாது, அதை எடுப்பவர் தூய்மைப் பணியாளர்.

காப்பீடு குறித்து முதல் நாளே பேசுங்கள். இந்திய பாலிசிகளில் 'டொமிசிலியரி ஹாஸ்பிடலைசேஷன்' என்ற பிரிவு உண்டு. ஆனால் அதன் வரையறை, நோயாளியை மருத்துவமனைக்கு நகர்த்த முடியாத நிலை அல்லது மருத்துவமனையில் அறை கிடைக்காத நிலை என்றுதான் சொல்கிறது. வீட்டில் இருக்க விரும்பினார் என்பது அதில் வராது. பல பாலிசிகள் மூன்று நாளுக்குக் குறைந்த சிகிச்சையையும், ஆஸ்துமா, மூச்சுக்குழாய் அழற்சி போன்றவற்றையும் விலக்குகின்றன. எழுத்தில் முன் அனுமதி வாங்காமல் 'கிளைம் வரும்' என்று யாரும் வாய்வார்த்தை கொடுக்கக் கூடாது.

டிஸ்சார்ஜ் அன்று கேனுலா கழற்றியதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். மறந்துபோன கேனுலாவோடு ஒரு வாரம் இருக்கும் நோயாளிகள் உண்டு. மீந்த ஊசி மருந்தை வீட்டில் விடாதீர்கள். பழைய மாத்திரைப் பெட்டியைத் திறந்து, நிறுத்திய மருந்துகளைப் பிரித்தெடுத்து, புதிய பட்டியலைக் கையில் கொடுங்கள். வீட்டிலேயே இருப்பதால் இந்த ஒரு வேலையை வார்டைவிட நன்றாகச் செய்ய முடிகிறது. இதய நோயாளிக்கு ஏழு நாளுக்குள் நேரில் ஒரு பார்வை.

மாதம் ஒருமுறை மூன்று எண்களை எடுத்து அமர்ந்து பாருங்கள்: எத்தனை நோயாளிகள், எத்தனை பேர் வார்டுக்குத் திரும்பினார்கள், எதிர்பாராத இறப்பு ஏதும் உண்டா. திரும்பியவர் ஒருவர்கூட இல்லை என்றால் மகிழ வேண்டாம், ஒருவேளை மாத்திரையில் தேறக்கூடியவர்களைத்தான் எடுத்திருக்கிறீர்கள். திரும்பிய ஒவ்வொருவரின் கேஸ் ஷீட்டிலும், முதல் அறிகுறி தெரிந்த நேரம், ஃபோன் வந்த நேரம், வண்டி வாசலுக்கு வந்த நேரம் மூன்றையும் வரிசையாக எழுதுங்கள். முதல் இரண்டுக்கும் இடையே இடைவெளி நீண்டிருந்தால் குடும்பத்துக்குக் கொடுத்த அட்டையை மாற்றி எழுதுங்கள். பிந்தைய இரண்டுக்கும் இடையே நீண்டிருந்தால் வட்டத்தைச் சுருக்குங்கள்.